காலிக் கட்டம் ஆகாது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது. இங்கு நானும் என் இடது கண்ணும் ஓரளவு நலம். வலது கண்ணைப் பற்றித்தான் இக்கடிதம். குழப்பம் வராதிருக்க, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்:

1. புரை எடுக்க நான் முழு மயக்கம் கேட்டது ஏன்.
2. படிவத்தில் நேர்ந்த பிழை.
3. வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நீ வர வேண்டியதில்லை.

கண்ணோரம் ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும், இருபது நிமிடம் விழித்தபடி அசையாமல் படுத்திருந்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம் என்றார் டாக்டர். முழு மயக்கம் அவசியமில்லை, வற்புறுத்திக் கேட்டால் தருவார்களாம். "தும்மல் வந்தா?" என்றேன். "நர்ஸ் உங்க கையைப் பிடிச்சிருப்பாங்க. லேசா அழுத்துங்க, நான் நிறுத்திடுவேன்." கை என்றதும் பழசு நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது உன் அக்காதான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தும் நான் விடவில்லை. "கையை விடுங்க, பல்லு அவர்கிட்ட போய் அஞ்சு நிமிஷமாச்சு" என்றாள். பல் டாக்டர் சிரித்தார், வாயில் பஞ்சோடு நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஊசியோ, ரத்தப் பரிசோதனையோ, லிஃப்டோ, எதுவானாலும் அந்தக் கைதான். அவ போய் ரெண்டு வருஷமாச்சு. இப்ப யாரோ ஒரு பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சுக் கிடக்கறதைவிட, ஒண்ணும் தெரியாம தூங்கிடறதே மேல்னு தோணிச்சு.

இனி படிவம். முப்பத்தொரு வருஷம் ஆபீஸில், காலிக் கட்டம் இருந்த விண்ணப்பங்களையெல்லாம் திருப்பி அனுப்பியவன் நான். பழக்கதோஷம், முழு மயக்கம், ஊசி என்ற இரண்டு கட்டத்திலும் டிக் போட்டுவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள், "ஏன் ஐயா, ஒரு பக்கம் தூங்கணும், ஒரு பக்கம் முழிச்சிருக்கணுமா? வேணாங்கறதை அடிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், எல்லாம் ஒரே பளபளப்பு. தடவித் தடவி அடித்தேன், சுருக்கொப்பமிட்டேன், தேதி போட்டேன், நகலும் கேட்டு வாங்கிக்கொண்டேன். "சொத்தை எழுதி வைக்கிறாரு போல" என்று வரிசையில் பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். என் காதில் புரை இல்லை.

ஆகவே நீ வேலையை விட்டுவிட்டு அலையாதே. வந்தாலும் "எனக்கு ஊசி போட்டதே தெரியல அத்தான்" என்று உன் பழைய பல்லவியைத்தான் பாடுவாய். தூங்கறவனுக்குத் துணை எதுக்கு? திரும்பி வரப் பக்கத்து வீட்டுக்காரர் கார் இருக்கிறது.

தங்கைக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நகலை ஒருமுறை இடது கண்ணால் சரிபார்த்தேன். முழு மயக்கத்தைத்தான் அடித்து வைத்திருக்கிறேன், மிச்சமிருப்பது ஊசி. மறுபடி திருத்தக் கேட்கலாம்தான். ஆனால் இரண்டு முறை திருத்திய படிவத்தை என் மேசையில் நான் ஒருநாளும் ஏற்றதில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணி. உன்னை உள்ளே விடமாட்டார்கள், அந்தக் கதவு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும். மூன்றாவதாக எழுதியது தவறு.