மகாராணிக்கு பெல்ட்

மருந்துக்கடைக்காரர் அன்று காலை பல் விளக்கிக்கொண்டே ஒரு சபதம் எடுத்தார். உடம்பில் உயிர் உள்ளவரை மகாராணியின் ஸ்டீரிங்கை இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் சரியாக வெளியே வரவில்லை. ஆனாலும் சபதம் சபதம்தான்.

மகாராணி என்பது அவருடைய பழைய பிக்கப் வண்டி. அவரைவிட வயதில் மூத்தது, அவரைவிட நல்ல பளபளப்பு. பச்சை உடம்பு, உருண்டை விளக்குகள், முன்னால் ஒரே நீள சீட்டு, ஸ்டீரிங் தண்டிலேயே கியர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைக் குளிப்பாட்டி, துவட்டி, மெழுகு பூசி, நாலு தெரு சுற்றிக்கொண்டு வந்து நிறுத்துவார். சாமான் ஏற்றுவதற்கென்றே செய்த வண்டி. அதில் அவர் இதுவரை ஏற்றிய ஒரே சாமான் அதைத் துடைக்கிற துணி. அந்த வண்டிக்கு மனைவி வைத்திருந்த பெயர் சக்களத்தி.

மனைவி வீட்டுக்குப் பின்னால் நர்சரி வைத்திருந்தாள். அவள் கை பட்டால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும். புதிதாகக் கட்டிய நூலகத்தின் முன்வெளி முழுக்கச் செடி வைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. வாடகை வேன்காரர்கள் வேகத்தடையைக் கண்டால் தாண்டிக் குதிப்பார்கள். போன தடவை தொட்டியில் பாதி ஓடாகவும் செடியில் பாதி விறகாகவும் போய் இறங்கின. "இந்தத் தடவையும் உடைஞ்சு வந்தா, பின்பக்கத் தோட்டத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று நூலகத்து மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதனால்தான் அவள் முந்தின நாள் சாவியைக் கேட்டாள். அதனால்தான் இந்தச் சபதம்.

"என்னங்க, சனிக்கிழமை வண்டிய நான் எடுத்துக்கறேன்."

"நானே ஓட்டிட்டு வரேனே?"

"நீங்க ஓட்டினா தொட்டிய நான் மடியிலதான் வச்சுக்கணும். பின்னாடி வச்சா பெயிண்ட் கீறும்பீங்க."

மருந்துக்கடைக்காரருக்குப் பெயிண்ட் மட்டும் பிரச்சினை இல்லை. இருவரும் ஒரே சமயத்தில்தான் லைசென்ஸுக்குப் போனார்கள். அவள் முதல் தடவையிலேயே வாங்கிவிட்டாள். இவர் இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாவது தடவை வாங்கினார். கையெழுத்துப் போட்ட அதிகாரி அவளிடம், "சாருக்கும் வீட்ல கொஞ்சம் சொல்லிக்குடுங்கம்மா" என்றார். அன்றிலிருந்து அவள் எந்த ஸ்டீரிங்கைத் தொட்டாலும் இவர் காதில் அந்த அதிகாரியின் குரல் கேட்கும். இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"அதில்லைம்மா. இந்த வண்டியில சீட் பெல்ட் கிடையாது."

"தெரியுமே."

"ஆபத்தும்மா."

"நீங்க ஓட்டறீங்களே?"

"எனக்கு ஏதாவது ஆனா பரவாயில்லை. உனக்கு ஒண்ணுன்னா நான் தாங்கமாட்டேன்."

தான் சொன்னதைக் கேட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா பெல்ட் இல்லாமதானே உங்க பக்கத்துல உக்காந்து வந்தேன்?"

"அப்போ ஓட்டினது நானு."

"அதான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன். சரி, பெல்ட் போட்டா சாவி தருவீங்களா?"

"தாராளமா! பெல்ட் கட்டிக்கிட்டு நீ எங்க வேணாலும் ஓட்டு."

"உங்களையே கட்டிக்கிட்டேன். பெல்ட் கட்டிக்கறதா கஷ்டம்?"

அவர் அவ்வளவு தாராளம் காட்டியதற்குக் காரணம் இருந்தது. பெல்ட் என்ற பேச்சே இல்லாத காலத்தில் பிறந்த வண்டி அது. மாட்ட ஒரு கொக்கி கிடையாது, முறுக்க ஒரு துளை கிடையாது. இருந்தாலும் மனைவி சும்மா இருக்கிற ஆள் இல்லை என்பதால், பல் விளக்கி முடித்த கையோடு மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

அந்த மெக்கானிக்குக்கு ஊரில் முடியும் மாஸ்டர் என்று பெயர். எஞ்சினே இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் "முடியும் சார்" என்பார். தலையில் ஒரு முடியும் இல்லை, வாயைத் திறந்தால் எல்லாம் முடியும்.

"மாஸ்டர், நாளைக்கு நானும் வீட்டுக்காரியும் பட்டறைக்கு வருவோம். அவ எது கேட்டாலும் முடியாதுன்னு சொல்லிடுங்க."

"எதை சார் முடியாதுன்னு சொல்லணும்?"

"எதைக் கேட்டாலும்!"

"பழக்கமில்லையே சார்."

"சொல்லிச் சொல்லிப் பாருங்க, வந்துடும். முடியுமா?"

"முடியும் சார்."

மறுநாள் மகாராணி பட்டறைக்குப் போனாள். வழக்கம்போலச் சாவி பட்டறைச் சுவரில் மாஸ்டரின் ஆணிக்குப் போனது. மனைவி கையில் ஒரு பை இருந்தது. பழைய வண்டிகளுக்கென்றே விற்கிற இடுப்பு பெல்ட் இரண்டை அதற்குள் வாங்கி வைத்திருந்தாள். பையைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. மாஸ்டர் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார்.

"மாஸ்டர், இந்த வண்டிக்கு பெல்ட் போட முடியுமா?"

மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கசப்பு மருந்து விழுங்குகிறவர் மாதிரி, "முடியாதுங்க அக்கா" என்றார்.

"அடடா!" என்று மருந்துக்கடைக்காரர் வருத்தப்பட்டார். கொஞ்சம் சீக்கிரமாகவே வருத்தப்பட்டுவிட்டார். மனைவி அவரைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டரின் மொட்டைத் தலையில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

"அப்படியா? பெல்ட் இல்லாம போனா பத்திரம்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க."

"இவரு ஓட்டினா மட்டும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல முடியுமா?"

"முடியவே முடியாதுங்க அக்கா." இது மட்டும் மனதிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

"அப்போ, பெல்ட் போடாத வண்டிய உங்க பட்டறையிலேருந்து வெளிய விட முடியுமா?"

"முடியாதுங்க!"

"இவரு வந்து கெஞ்சினா?"

"முடியாதுன்னா முடியாதுதான்!" மாஸ்டருக்கு அந்தச் சொல் நன்றாகப் பழகிவிட்டது. குரலில் ஒரு கம்பீரமே வந்துவிட்டது.

"நல்ல மனுஷன். அப்போ வண்டி இங்கயே கிடக்கட்டும். என்னங்க, வாங்க, பஸ் வந்துடும்."

மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகாராணியை இந்த எண்ணெய்த் தரையில் விட்டுவிட்டுப் போவதா? ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் யாரைக் குளிப்பாட்டுவார்?

"மாஸ்டர், சாவியக் குடுங்க."

"முடியாது சார்."

"யோவ், நான்யா சொல்றேன்!"

"யாரு சொன்னாலும் முடியாது சார்."

"மாஸ்டர், பெல்ட் போட முடியும்னு சொல்லுங்க மாஸ்டர்!"

"நீங்கதானே சார்..."

"முடியும்னு சொல்லித் தொலைங்க!"

"அப்பாடா!" என்று மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "முடியும் அக்கா. பேஷா முடியும். இவ்வளவு நேரம் மூச்சே முட்டிடுச்சு."

மனைவி சிரிக்கவில்லை. அதுதான் அவளிடம் உள்ள பெரிய தொல்லை. ஜெயித்த இடத்தில் சிரித்துத் தொலைத்தாலாவது நமக்குக் கோபப்பட ஒரு வழி கிடைக்கும்.

மருந்துக்கடைக்காரர் கடைசி அம்பையும் எடுத்தார். "சீட்டுக்குப் பின்னாடியே பெட்ரோல் டேங்க் இருக்கு. அங்க போய் துளை போட்டா என்ன ஆகும், யோசிச்சியா?"

"அங்க யாரு போடச் சொன்னா? தரையிலதான் போடணும்."

சொன்னவள், மாஸ்டரின் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து, டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் போய்விட்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மாஸ்டர், தரைத் தகரம் மெல்லிசா இருக்கு. வெறும் தகரத்துல போல்ட் போட்டா ஒரு இழுப்புல பிச்சுக்கிட்டு வந்துடும். அடியில கனமான இரும்புத் தகடு குடுத்து முறுக்குங்க. இந்தப் பக்கம் பிரேக் குழாய் போகுது, கொஞ்சம் தள்ளிப் போடணும். சீட்டையும் ஆட்டிப் பாருங்க. சீட்டே கழண்டு வந்தா பெல்ட் என்ன பண்ணும்?"

"நான் சொல்ல வந்ததை எல்லாம் அக்கா சொல்லிட்டாங்க" என்றார் மாஸ்டர்.

மருந்துக்கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இத்தனை ஞாயிற்றுக்கிழமை மெழுகு பூசியும் மகாராணியின் வயிற்றை அவர் ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. இவள் படுத்த மாத்திரத்தில் குழாய் எது, தகரம் எது என்று பிரித்துச் சொல்கிறாள். தோற்கிறோம் என்று தெரிந்தும் அவருக்கு அவளைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. கன்னத்தில் கிரீஸ் வேறு ஒட்டியிருந்தது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"பெல்ட் வித்தவர்கிட்ட கேட்டேன். நீங்க மாத்திரைய எப்போ போடணும்னு சொல்வீங்கல்ல, அந்த மாதிரி அவரும் சொன்னாரு. நான் காது குடுத்துக் கேட்டேன்."

வேலை நடந்தது. துளை விழுந்தது, தகடு ஏறியது, போல்ட் முறுகியது. பெல்ட் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் ஏறக் கூடாது என்றார் மாஸ்டர். மனைவிக்கு உடனே படிந்தது. மருந்துக்கடைக்காரருக்கு இடுப்பெலும்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே மூன்று பேர் தேவைப்பட்டார்கள். பிறகு பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று மாஸ்டர் செய்து காட்டினார். அப்போது மருந்துக்கடைக்காரர் கதவில் கீறல் விழுந்திருக்கிறதா என்று மூக்கு உரசப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை தொட்டிகள் ஏறின. இடுக்கெல்லாம் பழைய போர்வை திணித்து, ஒன்றோடொன்று இடிக்காமல் மனைவி அடுக்கினாள். அடுக்கி முடித்துப் பார்த்தால், கடைக்கு லீவு விட்டுவிட்டு வந்த மருந்துக்கடைக்காரர் ஸ்டீரிங்குக்கு முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். சாவியும் அதன் துவாரத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"ஏறும்மா. இப்போதான் பெல்ட் இருக்கே. தைரியமா என் பக்கத்துல உக்காந்து வரலாம்."

"சாவி தரேன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். எப்போன்னு சொன்னேனா?"

அவள் சண்டைக்கு வரவில்லை. அதைப் பார்த்தாவது மனிதர் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரிங்க. ஆனா இந்தப் பக்கத்து பெல்ட் தாங்குமான்னு எனக்கு பயமா இருக்கு. மாஸ்டர் முதல்ல முடியாதுன்னுதானே சொன்னாரு?"

"சேச்சே, அது சும்மா..." மருந்துக்கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நல்லா தாங்கும்."

"நீங்க ஒரு தடவை கட்டிப் பாத்து சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

இப்படிக் கேட்டால் எந்த ஆம்பளைதான் மாட்டேன் என்பான்? அவர் நீள சீட்டில் நகர்ந்து அந்தப் பக்கம் போனார். இடுப்பெலும்பைத் தேடிப் பிடித்தார். டக்.

"இழுத்துப் பாருங்க."

"இழுத்தாச்சு. அசையலை."

"முன்னாடி சாஞ்சு பாருங்க."

"வரவே முடியலை!" என்றார் பெருமையாக.

"இறங்கிப் பாருங்க."

"எப்படி இறங்கறது? கட்டிப் போட்டிருக்கே!"

"அது போதும்" என்றாள். சுற்றி வந்து, ஸ்டீரிங்குக்கு முன்னால் ஏறி, கதவைச் சாத்தி, தன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டாள்.

"ஏய், இறங்கு!"

"உங்களால முடிஞ்சா நீங்க இறங்குங்க."

அவர் பெல்ட்டின் பூட்டை அமுக்கினார். இடது கட்டைவிரலால் அமுக்கினார், வலது கட்டைவிரலால் அமுக்கினார், இரண்டையும் சேர்த்து அமுக்கினார். அது அமுக்கினால் திறக்கிற ஜாதி இல்லை, மூடியைத் தூக்கினால் திறக்கிற ஜாதி. எப்படித் திறப்பது என்று கேட்க வாய் வரவில்லை. அதற்குள் மகாராணி தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

அவள் ஓட்டியதைச் சொல்ல வேண்டும். மகாராணியின் இரண்டாவது கியர் ஒரு பிடாரி. இவர் போடும்போதெல்லாம் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். அவள் போட்டபோது வெண்ணெயில் விழுந்த மாதிரி விழுந்தது. வேகத்தடைகளில் வண்டி ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. பின்னால் ஒரு தொட்டிகூடக் கிணுங்கவில்லை.

"உனக்கு மட்டும் ஏன் கத்த மாட்டேங்குது?"

"கேட்டுக் கேட்டுப் போடறேன்."

"யாரைக் கேட்டு?"

"வண்டியைத்தான். இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து அது அழறதைக் கேட்டிருக்கேனே. எப்போ போட்டா அழாதுன்னு தெரியாதா?"

மருந்துக்கடைக்காரர் பூட்டை நோண்டுவதை விட்டுவிட்டார். எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் மகாராணியையும் ஓட்டுகிறவளையும் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இவர் பதிலுக்குக் கை காட்டினார். அது தனக்கு இல்லை என்று தெரிந்தும் காட்டினார். சபதம் போன துக்கம் நெஞ்சில் ஒரு மூலையில் இருந்தது. பெருமைதான் மற்ற இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. என் பெண்டாட்டி என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போல இருந்தது.

நூலகத்து வாசல் குறுகல். வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும். மனைவி கையை நீட்டி, ஒற்றை விரலால் பூட்டின் மூடியைத் தூக்கினாள். பெல்ட் பொத்தென்று விழுந்தது.

"இறங்கிப் பின்னாடி பாருங்க."

அவர் பாய்ந்து இறங்கினார். வண்டியின் பக்கவாட்டில் படபடவென்று தட்டிக்கொண்டே, "வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடிச்சு... வரலாம்... ஹோல்டான்!" என்று முழங்கினார். மகாராணி இரண்டு பக்கமும் விரல்கடை இடம் விட்டு உள்ளே போய் நின்றாள். தொட்டிகளை இறக்கி வைப்பதற்குள் மருந்துக்கடைக்காரரின் சட்டை முழுக்க மண். பெயிண்ட் நினைவே வரவில்லை.

மேற்பார்வையாளர் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து தடவிப் பார்த்தார். ஒன்றில்கூட விரிசல் இல்லை. "பின்பக்கத் தோட்டமும் உங்களுக்குத்தாம்மா" என்றார். மனைவி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து மருந்துக்கடைக்காரரும் கையில் தொட்டியோடு சிரித்தார்.

மேற்பார்வையாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க கிளீனர் நல்லா குரல் குடுக்கறாரேம்மா. ரொம்ப நாளா இருக்காரா?"

"ரொம்ப வருஷமா இருக்காருங்க" என்றாள் மனைவி. "இன்னிக்குத்தான் வேலைக்கு வந்தாரு."