அறை என்று சொல்லக் கூடாத அறை

"நடுவுல இருக்கிற இந்த எஸ் என்னங்க?" என்று கேட்டாள் கனாயே. வீட்டு வரைபடத் தாளில் '1SLDK' என்றிருந்தது.

தரகர் தொமோதா பயந்த கேள்வி இதுதான். ஒசாகாவில் பதினெட்டு வருடமாக வீடு பிடித்துக் கொடுப்பவர். படுக்கையறை ஒன்று, கூடம், சாப்பிட இடம், சமையலறை என்று லட்சணமான வீடு. அந்த எஸ்ஸால்தான் பதினோரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் ஆள் அமையாவிட்டால் சாவி எதிர்க்கடைத் தரகருக்கு என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.

"சாமான் அறைம்மா. சன்னல் சின்னது. சட்டப்படி அறைன்னு அச்சடிக்கக் கூடாது. அஞ்சு பாய் விரிக்கலாம்!"

"அத்தை, உங்களுக்குப் போதுமா?"

மாமியார் ஃபுசாயே வீட்டைச் சுற்றி வந்தார். நாற்பது வருடம் கடற்பாசிக் கடை நடத்திய கை சுவரைத் தட்டியது, அலமாரிக் கதவை ஆட்டியது, குழாயைத் திறந்து மூடியது. சரக்கைப் பார்க்கத் தெரிந்த கை! தொமோதா மனதுக்குள் கும்பிட்டார். இந்த அம்மாளையா சாமானோடு சாமானாகப் போடப் போகிறாள் மருமகள்?

"பேருக்குத்தாம்மா சாமான் அறை. உண்மையில படுக்கையறையேதான்!"

ஃபுசாயேவின் முகம் சுருங்கியது.

அவமானப்பட்டுவிட்டார் என்று பதறினார் தொமோதா. "வீட்டுக்காரர்கிட்ட பேசி சன்னலைப் பெருசாக்கிடறேன். ரெண்டு அறைன்னே புதுத் தாள் அடிச்சிடலாம்!"

ஃபுசாயே வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார்.

"அத்தே, இருங்க!" என்று பின்னால் ஓடினாள் கனாயே. "என்னங்க நீங்க, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"மாடியில இதே வாடகைக்கு ரெண்டு அறை வீடு..."

"ஐயோ, அது வேணவே வேணாம்!"

தொமோதாவுக்குப் பொறுக்கவில்லை. வியாபாரம் போனால் போகட்டும் என்று இடுப்பு வளையக் குனிந்தார். "மன்னிச்சிடுங்கம்மா. பெரியவங்களைச் சாமான் அறையில படுக்க வைக்கிறது அடுக்காது."

செருப்போடு திரும்பினார் ஃபுசாயே.

"ஏம்ப்பா, லீவு விட்டா என் பொண்ணு மூணு வாண்டுகளோட வந்து நாப்பது நாள் டேரா போடுறா, 'நானே சாமான் அறையிலதான்டி படுக்கிறேன்'னு அவகிட்ட இந்தத் தாளைக் காட்டலாம்னு ஆசையா வந்தா, அதைப் போய் அறையாக்குறேங்கிறியே!"