படம் வேண்டாம், சத்தம் போதும்

உருவுநர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. இணையத்தில் எந்தக் காணொளியைக் கண்டாலும், அதிலுள்ள படத்தைக் கழித்துக் கட்டிவிட்டு, ஒலியை மட்டும் உருவி, எம்பி3 ஆக்கி, பென்டிரைவில் ஏற்றி, அந்தப் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்த பிறகே இவ்வினத்தாருக்கு உறக்கம் வரும். கைப்பேசியிலேயே கேட்டுக்கொள்ளலாமே என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். "லைன் இல்லாத எடத்துல என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஜொகூரில் அவர்கள் கடைசியாகக் கண்ட லைன் இல்லாத இடம், லாபிஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்று. போனது சாவு வீட்டுக்கு. அங்கே பாட்டுப் போட முடியாது.

அதே ஜொகூரின் மாசாயில் இவ்வினத்துக்கு முன்மாதிரியாகக் காட்டத் தக்கவர் வாலண்டைன். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். வேலையிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, கணினி முன் அவர் அமரும் பாங்கைப் பார்த்தால் அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமாகிறார் என்றே எண்ணுவீர்கள். காணொளியின் முகவரியை, எம்பி3யாக மாற்றித் தரும் தளத்தில் ஒட்டுவார். உடனே திரை முழுவதும் "பதிவிறக்கு" என்ற பச்சைப் பொத்தான்கள் முளைக்கும். அவற்றுள் ஒன்றே மெய். ஏனையவை உங்களுக்குக் குலுக்கலில் கார் விழுந்திருப்பதாகச் சொல்பவை. மெய்ப் பொத்தானை அவர் விரல் வாசனை பிடித்தே கண்டறியும். அடுத்து, தரம் எவ்வளவு என்று தளம் கேட்கும். அப்போது அவர் முகத்தில் ஓர் ஒளி பரவும். "த்ரீ டுவென்டி" என்பார்.

அதுதான் இருப்பதிலேயே பெரிய எண். மூலக் காணொளி, தகரக் கொட்டகையில் மழை கொட்டும்போது யாரோ கைப்பேசியில் பிடித்ததாக இருக்கலாம், கவலையில்லை. ஒரு குவளைத் தண்ணீரைப் பெரிய தோம்பில் ஊற்றிவிட்டால் தோம்பு நிறைந்துவிடும் என்பது உருவுநர் இனத்தின் அசையாத நம்பிக்கை.

எதையெல்லாம் உருவுவார்? எதைத்தான் உருவமாட்டார்? பாடலை உருவுவார். மறையுரையை உருவுவார். கோலம் போடும் முறையை உருவுவார். சேலைக்கு மடிப்பு வைக்கும் விதம் ஒன்றைத் தேடித் தரும்படி மனைவி டொரத்தி ஒரு முறை கேட்டார். தந்தார், எம்பி3யாக. "இதை இப்படி எடுத்து, இந்தப் பக்கமா கொண்டுவந்து, இப்படிச் சொருகுங்க" என்று ஒரு பெண்குரல் மிகத் தெளிவாகச் சொல்ல, டொரத்தி அதன்படியே நடந்து, கடைசியில் பக்கத்து வீட்டார் வந்துதான் அவரைச் சேலையிலிருந்து மீட்க வேண்டியிருந்தது.

சரி, உருவியதை வாலண்டைன் கேட்பாரா? நல்ல கேள்வி. மாட்டார். உருவுவது ஒரு தொழில். கேட்பது வேறு ஒரு தொழில்.

இத்தகைய மனிதரின் ஒரே மகள் ஷர்மைனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை பிரையன், மூவாரைச் சேர்ந்தவர். அவருடைய தாயார் ஃபிலோமினா அங்கே தேவாலயப் பாடகர் குழுவை நடத்துபவர். சுருதி பிசகினால் பாடுபவரைப் பார்க்கமாட்டார், கூரையைப் பார்ப்பார். "சாப்பாடு எப்படி இருந்தாலும் பரவால்ல சம்பந்தி. மியூசிக் மட்டும் நல்லா இருக்கணும்" என்று பேச்சின்போதே சொல்லிவிட்டிருந்தார்.

"அப்பா, வரவேற்புக்கு சவுண்டு ஆள் பேசியாச்சு. எல்லாப் பாட்டும் அவரே பாத்துக்குவாரு" என்றாள் ஷர்மைன்.

"அவரும் பென்டிரைவுலதான போடப் போறாரு? நான் தரேன் லா."

"உங்க பென்டிரைவா?"

"மத்ததெல்லாம் அவரு போடட்டும் பாப்பா. நீங்க ரெண்டு பேரும் உள்ள வர்ற மியூசிக், அது மட்டும் நான்."

ஷர்மைன் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காத. நான் ஏற்கெனவே சேலைக்குள்ள மாட்டுனவ" என்றார் டொரத்தி.

தந்தையின் முகத்தைப் பார்த்து மகள் இளகினாள். தனக்குப் பிடித்த ஒரு பியானோ மெட்டின் பெயரைச் சொன்னாள். "ஆனா ஒண்ணு. அந்த நேரத்துல வேற ஏதாச்சும் சத்தம் வந்துச்சு, வாசல்லயே நின்னுருவேன். உள்ள வர மாட்டேன். மூவார்க்காரங்க முன்னால அவமானப்பட என்னால முடியாது."

தன் வாழ்நாள் பயிற்சி முழுவதும் இந்த ஒரு மெட்டுக்காகவே என்று வாலண்டைன் உணர்ந்தார். அதே மெட்டு இணையத்தில் எண்ணற்ற வடிவங்களில் கிடந்தது. அவர் ஒன்றையும் விடவில்லை. கோப்பின் அளவை ஒப்பிட்டார், நீளத்தை ஒப்பிட்டார், எல்லாவற்றிலும் பெரியதைத் தேர்ந்து உருவினார். கோப்பின் பெயரில் இடைவெளி வராதபடி கீழ்க்கோடு இட்டார். அட்டைப் படமாக மகளின் புகைப்படத்தைப் பொருத்தினார். காணொளியில் என்ன படம் ஓடியது? தெரியாது. ஓடும்போது சாளரத்தைச் சுருக்கிவிட்டிருந்தார். படத்தைப் பார்ப்பது உருவுநர் மரபில் ஒரு பலவீனம். பார்த்திருந்தால், விளையாட்டு உடை அணிந்த ஒருவர் இரு கைகளையும் விரித்து நிற்பதைக் கண்டிருப்பார்.

காலையில் தேவாலயத்தில் திருமணம் குறையின்றி முடிந்தது. அங்கே வாலண்டைனிடம் யாரும் எதையும் ஒப்படைத்திருக்கவில்லை. மாலையில் வரவேற்பு, டேவான் என்று மாசாய்க்காரர்கள் அழைக்கும் மண்டபத்தில். ஒலிப் பொறுப்பாளர் காளிதாஸ் பென்டிரைவை வாங்கிச் செருகி, தொடக்கத்தைச் சற்றே ஓடவிட்டார். பியானோ பனித்துளி போலச் சொட்டியது.

"அண்ணே, முழுசா ஒரு தடவ கேட்டுருவோமா?"

"எதுக்கு? த்ரீ டுவென்டி."

"இல்லண்ணே, நடுவுல ஏதாச்சும்..."

"நடுவுலயும் த்ரீ டுவென்டிதான் தம்பி."

விளக்குகள் மங்கின. கதவுகள் திறந்தன. மெட்டு ஒழுகிப் பரவ, மூவார் மேசையில் ஃபிலோமினா தலையை மெல்ல அசைத்தார். வாலண்டைனின் மார்பு விரிந்தது. ஷர்மைன் வாசலில் முதல் அடியை எடுத்துவைக்கக் காலைத் தூக்கினாள்.

"வணக்கம்" என்றது ஒலிபெருக்கி, கனிவான ஆண்குரலில். "எல்லாரும் நேரா நில்லுங்க. மூச்சை நல்லா உள்ள இழுங்க. இழுத்தாச்சா? கையை மேல தூக்குங்க."

தூக்கிய கால் பின்னுக்குப் போயிற்று. சொன்ன சொல் தவறாத பெண். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வாலண்டைன் காளிதாஸிடம் ஓடினார். "அலமாக். நிப்பாட்டு தம்பி, நிப்பாட்டு."

"நிப்பாட்டுனா டேவானே அமைதியாயிரும்ண்ணே, எல்லாரும் பாப்பாவைத்தான் பாப்பாங்க. விட்டா மியூசிக்காவது ஓடும். எது வேணும், சொல்லுங்க."

இதுவரை உருவியவற்றில் ஒன்றையேனும் கேட்டிராத மனிதர், இப்போது கேட்டு முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அதற்குள் மண்டபத்தில் வேறொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. மாசாய்த் தாமான் குடியிருப்பின் பூப்பந்துத் திடலில் நாள்தோறும் விடியலில், இணையத்தில் பயிற்சி தரும் மாஸ்டரின் இந்தக் குரலுக்குத்தான் பெண்கள் கூடி உடற்பயிற்சி செய்கிறார்கள். மூளைக்கு மண்டபம் என்று தெரியும். தோளுக்கு அது தெரியாதே. முதலில் ஒரு பட்டுச்சேலைக் கை எழுந்தது. பின்பு ஒரு மேசை முழுவதும் எழுந்தது. முன்வரிசையில், மல்லிகைச் சரம் சரிய, டொரத்தியின் கைகளும் உயர்ந்தன. பிறகு, எல்லாரும் பார்க்க, மூவார் மேசையிலிருந்து ஃபிலோமினாவின் கைகள் கூரையை நோக்கி நிமிர்ந்தன.

"முட்டி வலிக்கு நானும் இவரைத்தான் கேக்குறேன்" என்று பக்கத்திலிருந்தவரிடம் கண்ணியமாகச் சொன்னார். "சுருதி சுத்தமான மனுசன்."

"இப்ப வலது காலை முன்னால வைங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றது குரல்.

பிரையன் வலது காலை முன்னால் வைத்தார்.

"நீங்க என்ன பண்றீங்க?" என்றாள் ஷர்மைன் பல்லைக் கடித்து.

"மாஸ்டர் சொல்றாரு. நீ எங்கம்மாவைப் பாரேன்."

பார்த்தாள். மாமியார் கைகளை உயர்த்தியபடி உதட்டால் தாளம் எண்ணிக்கொண்டிருந்தார். ஷர்மைன் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே வலது காலை வைத்தாள். இடது, வலது, முதுகு நேராக, வயிறு உள்ளே, தோள் தளர்வாக என்று குரல் வழிநடத்த, அவ்வளவு நிமிர்ந்து நடந்த மணமகளை மாசாய் அதற்கு முன் கண்டதில்லை. மேடையை அடைந்ததும், "அருமை. இப்ப பக்கத்துல நிக்கிறவங்களைப் பாத்து ஒரு சிரிப்பு" என்றது குரல். மணமக்கள் அதற்கும் கீழ்ப்படிந்தார்கள். "கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றதும் மண்டபமே குவளையைக் கையில் எடுத்தது.

வாழ்த்துச் சொல்ல வாலண்டைன் மேடையேறியபோது மகள் அவர் காதருகே குனிந்தாள். "அப்பா, உண்மையச் சொல்லுங்க. ஒரு தடவயாச்சும் கேட்டுப் பாத்தீங்களா?"

வாலண்டைன் திருப்பிக் கேட்டார். "கிளியரா இருந்துச்சா இல்லையா, அதச் சொல்லு."

"இருந்துச்சு."

"அதான் த்ரீ டுவென்டி."

நீங்கள் சிரிக்கிறீர்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இடையில், ஃபிலோமினா முட்டி வலியைப் பற்றிச் சொன்ன இடத்தில், அந்த மாஸ்டரின் குரல் எங்கே கிடைக்கும், யாராவது உருவி வைத்திருந்தால் கைப்பேசிக் குழுவில் அனுப்பச் சொல்லலாமே, பயிற்சி செய்வதற்காக அல்ல, சும்மா இருக்கட்டுமே என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றிற்றா? தோன்றியிருந்தால் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சமையலைப் பாருங்கள், பந்தியைப் பாருங்கள், வாசலில் நின்று பன்னீர் தெளியுங்கள். பாட்டை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.