முக்கால் பங்கு முதலாளி

பங்குச் சந்தையில் பணம் போட்டவர்களில் பல ரகம் உண்டு. வாங்கிவிட்டு மறந்துபோகிறவர்கள், வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள். இவர்களால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. நான் சொல்லவந்தது வாங்கிய மறுநாளே மொத்தக் கம்பெனியையும் தோளில் தூக்கிவைத்துக்கொள்கிற ரகம். "நம்ம கம்பெனி" என்பார்கள். "போன வருஷம் நாம கொஞ்சம் தடுமாறிட்டோம்" என்பார்கள். தடுமாறியது யார் என்று கேட்டுவிடாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

லிங்கராஜபுரத்தில் எனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் சாமுவேல் இந்த ரகத்தில் முதல் தரம். பொம்மனஹள்ளியில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். பட்டனும் ஜிப்பும் அவர் பொறுப்பு. படங்கள் வேகமாக ஓடக் கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் கிராஃபிக்ஸ் கார்டு தயாரிக்கும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றில், போனிலேயே முக்கால் பங்கு வாங்கினார். முக்கால் சதவீதம் அல்ல. ஒரு பங்கில் முக்கால்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளுக்கு மேற்பார்வைக்குப் போனார். எதையும் வாங்க மாட்டார். நம்ம கம்பெனி டப்பா பின்னால் தள்ளியிருந்தால் முன்னால் இழுத்துவைப்பார், தூசியைக் கைக்குட்டையால் துடைப்பார், போட்டிக் கம்பெனி டப்பாவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பார், விலை கேட்க வந்தவர்களிடம் "தைரியமா வாங்குங்க, தரத்துல நாங்க கை வைக்கிறதில்ல" என்று உறுதி கொடுப்பார்.

கடைக்காரர் கிரண் ஒருநாள் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்: "சார், நீங்க கம்பெனி ஆளா?"

"ஆளு இல்லப்பா. ஓனர்."

"அப்போ ரிப்பேருக்குப் போன பீஸு ரெண்டு மாசமா வரல சார். சொல்ப கேட்டுச் சொல்லுங்க."

சாமுவேல் பொறுப்பாகக் குறித்துக்கொண்டார்.

அவர் மகள் நோரா அனிமேஷன் கடைசி வருஷம் படிக்கிறாள். தேர்வுக்கு மூன்று நிமிடப் படம் ஒன்று செய்ய வேண்டும். படத்தில் ஒரு யானை. அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் அந்த யானை ஒரு அடி எடுத்துவைக்க நாற்பது நிமிடம் ஆனது. அப்பாவிடம் கார்டு கேட்டாள்.

"கார்டு வாங்கினா அன்னிக்கே பாதி விலை. அதே காசுக்குப் பங்கு வாங்கினா ஏறும்."

"பங்கை கம்ப்யூட்டர்ல சொருக முடியாது டாடி."

ஆக, கிராஃபிக்ஸ் கார்டு முதலாளி வீட்டில் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. யானை நின்ற இடத்திலேயே நின்றது. படத்தைக் கொடுக்கப் பத்தே நாள் இருந்தபோது, டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் நோராவே ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கார்டு வாங்கி வந்தாள். விலை குறைவு என்று போட்டிக் கம்பெனியின் கார்டு.

அன்று மாலை அமெரிக்கச் சந்தை திறந்தது. நம்ம கம்பெனி ஆறு சதவீதம் விழுந்தது.

உலகம் அதற்குப் பல காரணம் சொன்னது. சாமுவேலுக்குத் தெரிந்த காரணம் உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்தது.

"மத்தியானம் இவ வாங்குறா, சாயங்காலம் அது விழுது. ஓனர் வீட்டுப் பொண்ணே மாத்தி வாங்கினா வெளியில இருக்கிறவன் என்ன நினைப்பான்?"

"வெளியில இருக்கிறவனுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் மனைவி டோரீன்.

"மார்க்கெட்டுக்கு எல்லாம் தெரியும்."

சப்பாத்தியைத் தொடவில்லை. மகளோடு பேசவில்லை. சிரிக்காதீர்கள், மனிதர் நிஜமாகவே நொந்துபோயிருந்தார். அவருடைய அப்பா தங்கவயல் சுரங்கத்தில் முப்பது வருஷம் தங்கம் வெட்டினார். ஒரு குண்டுமணிகூட வீட்டுக்கு வந்ததில்லை. அந்தக் குடும்பத்துக்கு முதல்முறையாகப் பெரிய இடத்தில் ஒரு துண்டு கிடைத்திருந்தது.

புதன்கிழமை எங்கள் சபையின் ஜெபக்கூட்டத்தில் சாமுவேல் எழுந்து நின்றார். "அமெரிக்காவுல எனக்கு ரொம்ப வேண்டியவங்க. நேத்து திடீர்னு விழுந்துட்டாங்க. ஜெபிச்சுக்கோங்க." குரல் உடைந்தது. எழுபது பேர் கண்மூடி ஜெபித்தோம். நானும்தான்.

வெள்ளிக்கிழமை நான்கு சதவீதம் எழுந்தது.

மறுநாள் காய்கறிக் கடையில் சபைப் பெண் ஒருவர் டோரீனிடம், "அமெரிக்காவுல விழுந்தவங்க எப்படி இருக்காங்க சிஸ்டர்?" என்று விசாரித்தார். டோரீனுக்குப் பொய் வராது. "நாலு சதவீதம் தேறிட்டாங்க" என்றார். கேட்டவர் அதை ஆஸ்பத்திரிக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, இன்னும் தொண்ணூற்றாறு பாக்கி இருக்கிறதே என்று பதறி, வீடுவீடாகப் போய்ச் சொல்ல, ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் சாமுவேலை முன்னால் அழைத்து ஒரு கவரைக் கொடுத்தார். அவர் அமெரிக்கா போய் நோயாளியைப் பார்த்துவர, சபையார் சேர்த்த டிக்கெட் பணம்.

சாமுவேல் கவரைப் பார்த்தார். நோராவைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார். நோயாளி யாரும் இல்லை. பங்கு. அதிலும் முக்கால்.

"மக கேட்டதை வாங்கிக் குடுக்கல. அவளா வாங்கினதும் அவ மேலயே பழி போட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. நீயும்தான்மா."

நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கவர் போதகர் கைக்குத் திரும்பியது. இனி இவர் வீட்டோடு யாரும் பேசமாட்டார்கள் என்றே நினைத்தேன்.

போதகர் அவர் தோளில் கை வைத்து அன்போடு ஓரமாக அழைத்துப் போனார். "தப்பை ஒத்துக்கிட்டீங்க பிரதர், சந்தோஷம். நாம ஜெபிச்சு ரெண்டே நாள்ல எழும்பிச்சுன்னு சொன்னீங்களே, அந்தக் கம்பெனி பேரு என்ன?"

அவருக்குப் பின்னால் பேனாவோடு ஒரு வரிசை நின்றது.

நோரா படத்தை நேரத்துக்கு முடித்தாள். யானை நடந்தது. கல்லூரியில் கைதட்டினார்கள். சாமுவேல் கண்கலங்கப் பார்த்துவிட்டு, மகளை அணைத்துக்கொண்டு, "பிரமாதமா நடக்குதும்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நம்ம கார்டா இருந்தா ஓடியிருக்கும்" என்றார்.

இந்த ரகம் திருந்தாது. பார்த்தால் ஒதுங்கிப் போங்கள். ஆனால் உங்களை ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்தும் கதை சொல்கிற இந்த ஆள் அந்தக் கம்பெனியின் பேரைச் சொல்லவே இல்லையே என்று உங்களுக்கு அரித்துக்கொண்டே இருக்கிறது, இல்லையா? இதற்குள் நீங்களே யூகித்து, போனை எடுத்து இன்றைய விலையையும் பார்த்திருப்பீர்கள். ஏறியிருந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் கால் பங்கு வைத்திருக்கிறேன்.