சித்தரின் சுண்டுவிரல்

மன்னார்குடிக்குத் தெற்கே பண்ணையார் இராஜாங்கத்தின் களத்தில் அன்று நெல் இல்லை, மனிதர்கள்தான் குவிந்திருந்தார்கள். குடல்காத்த சித்தர் எழுந்தருளியிருந்தார்! "கத்தி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ஒரே ஒரு இலை!" என்று ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்தியது. பந்தல் பண்ணையார் உபயம். கூட்டத்தை வரிசையில் நிறுத்தியவர், போன மாதம் மேடையேறி மூடநம்பிக்கையை வேரோடு பிடுங்கிய கட்சிக் கிளைச் செயலாளர். பிடுங்கியதை எங்கே நட்டார் என்பது இப்போது தெரிந்தது.

அம்சத்துக்கு இதையெல்லாம் ரசிக்க நேரமில்லை. அவள் புருஷன் சாமிதுரை வெளியே வாடகைக் காரில் சுருண்டு கிடந்தான். குத்தகை நிலத்தை விட்டு இறங்க மாட்டேன் என்றதற்காக, முந்தின நாள் பண்ணை ஆட்கள் அவன் வயிற்றில் மிதித்திருந்தார்கள். ராத்திரி முழுக்கப் பச்சையாக வாந்தி. திருவாரூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காரை மறித்தவர் பண்ணைக் காரியக்காரர். "அங்க போனா போலீசு வரும், கத்தி வைப்பான். சித்தரைப் பாரு" என்று இங்கே திருப்பிவிட்டார். மிதித்ததும் பண்ணை, மருந்து கொடுப்பதும் பண்ணை. இப்படியொரு கருணையை எந்தப் புராணத்தில் கேட்டிருக்கிறோம்?

சித்தர் அம்சத்தை மேடைக்கு அழைத்தார். அவள் சுண்டுவிரலில் நூலைச் சுற்றி இறுக்கினார். விரல் கறுத்தது.

"பாத்தீங்களா? ரத்தம் நின்னா குடலும் இப்படித்தான் கறுத்துச் சாவும்!"

இதுவரை மனிதர் சொன்னது சத்தியம். இதற்கு மேல்தான் பிழைப்பு. பச்சிலையைக் கசக்கிச் சாறு விட்டார். கண்ணை மூடி முணுமுணுத்தார். காவித்துண்டால் விரலை மூடித் துடைத்தார். துண்டை எடுத்தால் நூலைக் காணோம், விரல் சிவந்திருந்தது! களமே அதிர்ந்தது. புருஷன் பிழைத்துவிட்டான் என்று அம்சம் அழுதேவிட்டாள்.

"ஒரு வாரம் இந்தச் சாறு. ஆளு இங்கயே கெடக்கட்டும்" என்றார் சித்தர்.

மேடையில் நடந்ததை வெளியிலிருந்தே பார்த்த, காரை ஓட்டி வந்த கூத்தாநல்லூர் மீரா உசேன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அக்கா, உங்க வீட்டுக்காரரு பேச்சு கொளறுது. வண்டிக்கு முன்னால பண்ணை ஆளுங்க நிக்கிறாங்க, விட மாட்டேங்கிறாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வெரல் செவந்தது சாறு பட்டப்பவா, நூலை உருவினப்பவா?"

அம்சம் யோசித்தாள். சாறு விட்டபோது வலி அப்படியேதான் இருந்தது. துண்டுக்குள் ஏதோ சரக்கென்று உருவியது இப்போதுதான் உறைத்தது. இழுத்தால் அவிழும் உருவாஞ்சுருக்கு! இந்த வித்தைக்காகவா அந்த மனுஷனைச் சாகக் கிடத்தியிருக்கிறேன் என்று சித்தர் பக்கம் திரும்பினாள்.

"சாமி, உங்க சுண்டுவெரலைக் குடுங்க. நான் கட்டுறேன். நூலை யாரும் தொடக்கூடாது, சாறு மட்டும் ஊத்திக்குங்க. செவந்துட்டா எம் புருசனை இங்கயே விட்டுடுறேன்."

"சோதிக்கிறவ கண்ணு அவிஞ்சிடும்!"

"அவியட்டும். நீட்டுங்க."

"நீட்டுங்க சாமி!" என்றது கூட்டம். அதற்குப் பக்தியைவிட வேடிக்கை பெரிது.

சித்தர் நீட்டினார். நாற்றுமுடி கட்டிப் பழகிய அம்சத்தின் கை, அவிழாத முடிச்சாகப் போட்டது. சாற்றைச் செம்போடு கவிழ்த்தார்கள். விரல் நீலமாகி, கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. மந்திரம் முதலில் முழங்கியது, பிறகு தந்தியடித்தது, கடைசியில் தமிழுக்கே வந்துவிட்டது.

"ஐயோ! வெரலு போச்சு! அறுத்து விடுங்க!"

"இலை காப்பாத்தாதா சாமி?"

"இலையாவது மண்ணாங்கட்டியாவது! கத்தி எடுங்கடா!"

களத்தில் எழுந்த சிரிப்பில் பந்தல் ஆடியது. அந்தக் கூட்டமே போய்ப் பண்ணை ஆட்களை ஒதுக்கித் தள்ளியது. கார் பறந்தது.

திருவாரூரில், கறுத்துப்போன ஒரு முழக் குடலை வெட்டி எடுத்தார்கள். சாமிதுரை பிழைத்தான். மிதித்தவர்கள் பெயரைப் போலீசிடம் சொன்னான். பண்ணையார் பந்தல் போட்டது இந்த வாயை மூடத்தான்.

"இலையில ஒண்ணுமே இல்லீங்களா டாக்டர்?" என்று கேட்டாள் அம்சம்.

"இருக்கலாம்மா. ரத்தம் தடைப்பட்ட குடலுக்குச் சேதத்தைக் கொறைக்கிற சத்து சில செடியில இருக்கலாம். ஆராய்ஞ்சு நெசம்னு தெரிஞ்சா நானே குடுப்பேன். ஆனா மொதல்ல ரத்தம் ஓடணும்."

சித்தர் இப்போது வேறு சீமையில் 'நெஞ்சுகாத்த சித்தர்' ஆகியிருப்பதாகக் கேள்வி. உங்கள் ஊருக்கும் வருவார். வந்தால், தலையைக் குனிவதற்கு முன்னால் அதற்குள் இருப்பதற்குக் கொஞ்சம் வேலை கொடுங்கள். முதலில் அவர் விரலை நீட்டச் சொல்லுங்கள்.