தேங்காய்ச் சோறு கெடாது என்பதற்கு நானே சாட்சி

கே.கே. நகர், மதுரை – 20
16.3.1983

மகா கனம் பொருந்திய சம்பந்தி முத்திருளன் அவர்களுக்கு, நல்லகாமன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் சுகம். திருப்பூரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும், ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியான என் மகள் தங்கப்பொண்ணும் சுகந்தானே?

தங்கள் உத்தரவுப்படி மாதிரிச் சோறு ஒரு தூக்குவாளியில், என் மச்சினன் பேயாண்டி கையில் வருகிறது. போன தீபாவளிக்கு நாங்கள் கொடுத்துவிட்ட தேங்காய்ச் சோறு பஸ்ஸிலேயே ஊசிப்போய், அதைத் தின்ற தங்கப்பொண்ணுக்கு இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியதை நான் மறக்கவில்லை. "பிள்ளையக் கூட்டிப்போகக் கட்டுச்சோறு கொண்டாறதுக்கு முன்னாடி ஒரு வாளி அனுப்பிப் பாரும். இந்தத் தடவையும் ஊசுனா, பேறுகாலத்துக்கு உம்ம மகளை அனுப்ப மாட்டேன்" என்று தாங்கள் சொல்லிவிட்டுப் போன நாள் முதல் என் வீட்டுக்காரி செல்லத்தாய் சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

இந்த நிலையில்தான் பஸ்ஸில் ஒரு பல்கலைக்கழக மாணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் சோற்றைக் கெடுக்கின்றனவாம், கிராம்பும் பூண்டும் அவற்றை ஓரளவு அடக்குமாம். "எம்புட்டுப் போடணும் தம்பி?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நாகமலை புதுக்கோட்டை வந்துவிட்டது, இறங்கிவிட்டார். ஆகவே அளவை நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. முதலில் ஒரு படிச் சோற்றுக்கு நாற்பது கிராம்பு போட்டேன், நாக்கு மரத்துப்போய் தபால்காரரிடம் என் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை, சரியென்று கிராம்பைக் குறைத்துப் பூண்டைக் கூட்டினேன், டவுன் பஸ்ஸில் எனக்கு முழு சீட்டும் கிடைத்தது, கடைசியில் எட்டுக் கிராம்பு, பதினைந்து பல் பூண்டு, ஒரு சிட்டிகை மஞ்சள் என்று அமைந்தது. அந்தச் சோற்றைச் சட்டியில் மூடி வைத்து, "பிள்ளைத்தாச்சி திங்கப்போறது, மொதல்ல நான் திங்கிறேன்" என்று மூன்று நாள் காலையும் கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். "வேணாங்க, வேணாங்க" என்று செல்லத்தாய் அழுதாள். சம்பந்தி, எனக்கு ஒன்றும் ஆகவில்லை! மூன்றாம் நாள் சோறு முதல் நாளைவிட ருசி. வெதுவெதுப்பாகக்கூட இருந்தது, கிராம்பின் உஷ்ணம் என்று நினைக்கிறேன்.

ஆகையால் பயமின்றி வாளியைத் திறந்து பார்த்து, கட்டுச்சோற்றுக்கு நாள் சொல்லுங்கள். என் மகள் தாய் வீட்டில் பெற்றெடுக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். தங்கப்பொண்ணுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
நல்லகாமன்

பி.கு.: அண்ணே, செல்லத்தாய் எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி அவரு என் கையில குடுத்தாரு. அந்த மூணு நாளும் விடியுமுன்ன பழசைக் கொட்டிட்டு, அதே மாதிரி புதுசாக் கிண்டி அந்தச் சட்டியில வச்சது நான்தான். மகளைப் பாக்கணும்னு இந்த மனுசனைச் சாகவிட முடியுமா? வாளியில சோறு இல்லண்ணே. அரிசியும் தேங்காயும் வச்சிருக்கேன். சுடச்சுடக் கிண்டி எம்பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லி மதினிகிட்டச் சொல்லுங்க. கட்டுச்சோத்தையும் உங்க அடுப்படிக்கே வந்து ஆக்குறேன், எம்மகளை மட்டும் அனுப்பிருங்க. அவரு கேட்டா, வாளியில வந்தது கெடவே இல்லைன்னு சொல்லுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்ல.