டெஸ்டர் நம்பாத கடல்பசு

சூரியன் கிழக்கேதான் உதிக்கும் என்பதை டெக்சாஸில் இன்னும் முழுசாக ஏற்றுக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் டெஸ்டர். "இதுவரைக்கும் உதிச்சிருக்கு பாஸ். அவ்ளோதான் சொல்ல முடியும்" என்பார்.

ஃபிரிஸ்கோவில் நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில், அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடுவார். உத்தியோகத்தை மூட மாட்டார். யாராவது புளியோதரை கொண்டு வந்து நீட்டினால், "எத்தனை மணிக்குக் கிளறினது?" என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவை வாங்குவார். நான் குட்மார்னிங் சொன்னால் வாட்சைப் பார்த்துவிட்டுத்தான் பதில்.

அவர் புது வீட்டுக்குச் சாவி வாங்குவதற்கு முந்தின நாள் எங்கள் நாலு பேரை வரச் சொன்னார். வீட்டில் நாலு பாத்ரூம். ஆளுக்கு ஒன்றில் நிறுத்தி, கான்ஃபரன்ஸ் கால் போட்டார்.

"எல்லாரும் பொசிஷன்ல இருக்கீங்களா? மாடி ரெடியா? மூணு, ரெண்டு, ஒண்ணு. ஃப்ளஷ்."

நாலு டாய்லெட்டும் ஒரே நேரத்தில் முழங்கின. இப்படிப் பதினோரு முறை. பில்டரின் ஆள், பாவம், என்னிடம் வந்து, "இது உங்க மதச் சடங்கா?" என்று இங்கிலீஷில் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன். விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு மனைவியாக வாய்த்தவர் மைதிலி. சேதுபாவாசத்திரம் பக்கம், கடற்கரை ஊர். அவரிடம் ஒரு கதை உண்டு. பத்து வயதில் அப்பாவோடு வள்ளத்தில் போனாராம். ஒரு கடல்பசு குட்டியோடு இடது பக்கம் எழும்பி, மூச்சு விட்டு, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முங்கியதாம். அப்பா இப்போது இல்லை. வேறு சாட்சியும் இல்லை.

ஒவ்வொரு விருந்திலும் மைதிலி இதைச் சொல்வார். ஒவ்வொரு விருந்திலும் டெஸ்டர் தொண்டையைச் செருமுவார்.

"கடல்பசுவே இல்லேன்னு நான் சொல்லல. அவ்ளோ பெரிய மிருகம், குட்டியை வேற வெச்சுக்கிட்டு, ஆள் இருக்கற படகுகிட்ட தானா வருமா? எங்கேயோ படம் பாத்திருப்பா. சின்னப் பொண்ணு, கலந்துடுச்சு."

"எங்கப்பா இருந்தா உங்களுக்கு நல்லா சொல்லியிருப்பாரு."

"அவர்கிட்டயும் எனக்கு நாலு கேள்வி இருந்துது."

கல்யாணமாகி இருபது வருஷமாக இந்த வழக்கு நடந்தது. சமாதானம் பண்ணுகிறேன் என்று நடுவில் புகுந்தவன் நான். எனக்கு வேறு வேலை கிடையாது. டல்லாஸில் ஒரு அக்வேரியத்தில் மனாட்டி இருந்தது. நம் ஊர்க் கடல்பசுவுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. அக்காவுக்கு வால் திமிங்கலம்போல் பிளந்திருக்கும். தங்கைக்குத் தோசைக் கரண்டி மாதிரி வட்டம். இரண்டு குடும்பமும் போனோம். அது லெட்டூஸை மென்றுகொண்டே கண்ணாடி ஓரம் வந்து மைதிலியைப் பார்த்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா சார், தானா கிட்ட வருது" என்றேன்.

"வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டா நீங்ககூடத்தான் வருவீங்க. இது டெஸ்ட் என்விரான்மென்ட் பாஸ். ப்ரொடக்‌ஷன்ல பாக்கணும்."

"ப்ரொடக்‌ஷன்னா?"

"ஆத்துல. யாரும் லெட்டூஸ் போடாத எடத்துல."

சரி என்று ஃபுளோரிடாவுக்கு, கிரிஸ்டல் ரிவருக்கு டிக்கெட் போட்டோம். ஜூலையில். நாம் ஸ்கூல் லீவைப் பார்த்து ஊர் சுற்றுகிற ஜனம். கடல்பசுவுக்கு எப்போது லீவு என்று விசாரிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படகில் ஏறி மூன்று மணி நேரம் வெயிலில் வறுபட்ட பிறகு கைடு பெண் சொன்னாள்: குளிர்காலத்தில்தான் அவை வெதுவெதுப்பான ஊற்றைத் தேடி இங்கே கூட்டமாக வருமாம், கோடையில் நாலா பக்கமும் கலைந்து போய்விடுமாம். அன்றைக்கு அந்த ஆற்றில் உருண்டையாக, மெதுவாக மிதந்த ஒரே ஜீவன் நான்தான். பக்கத்துப் படகிலிருந்து என்னைப் படம்கூட எடுத்தார்கள்.

டெஸ்டர் ஜம்பம் அடிக்கவில்லை. "வரலையே" என்று மட்டும் சொன்னார். மைதிலி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நவராத்திரிக்கு ஒரு வீட்டுக் கொலுவில் எல்லோரும் கூடினோம். பிள்ளைகள் மைதிலியைச் சூழ்ந்துகொண்டு, "ஆன்ட்டி, ஸீ கவ் ஸ்டோரி" என்றன. அவர் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா கண்ணா. ஆன்ட்டி சின்ன வயசுல ஏதோ கனவு கண்டிருப்பேன்."

மறுநாள் காலையில் டெஸ்டர் என் கராஜ் வாசலில் நின்றார். முகம் சரியில்லை.

"பாஸ், அவ ஒத்துக்கிட்டா."

"ஜெயிச்சுட்டீங்களே சார். பாயசம் வெக்கச் சொல்லவா?"

"கிண்டல் பண்ணாதீங்க. இருபது வருஷமா ஒரு வார்த்தை மாத்தினதில்ல. எப்ப கேட்டாலும் அதே வள்ளம், அதே குட்டி, அதே இடது பக்கம். நானும் எத்தனை விதமா மடக்கிப் பாத்திருக்கேன். பொய்யா இருந்தா எங்கேயாவது இடிச்சிருக்கும். அது இடிக்கல. நேத்து சொன்னதுதான் இடிக்குது." என் லான்மோவரை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். "எனக்கு இப்போ என்மேலயே சந்தேகமா இருக்கு."

டிசம்பரில் மறுபடி போனோம். மைதிலி வரமாட்டேன் என்றதற்கு, டெஸ்டர் "எனக்காக வா" என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்தாராம். ஆற்றில் குளிர் பல்லைத் தந்தியடிக்க வைத்தது. நீச்சல் உடைக்குள் என்னைத் திணித்து ஜிப் போட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். துரத்தக் கூடாது, தொடக் கூடாது, வந்தால் வரும் என்றாள் கைடு. டெஸ்டர் தண்ணீரில் இறங்கவில்லை. உயிருக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற ஃபாரத்தை நாலு தடவை படித்திருந்தார். படகு விளிம்பில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது, பெரிய அண்டாவில் வெந்நீர் போட்ட மாதிரி.

புஸ் என்று ஒரு சத்தம். விசில் வருவதற்கு முன்னால் குக்கர் விடுமே, அந்த மூச்சு.

மைதிலி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஏங்க. இதோ. குட்டியும் இருக்குங்க. என்னையே பாக்குதுங்க."

தண்ணீரில் கிடந்த எனக்கு டெஸ்டரின் முகம் நன்றாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் ஆவி படிந்து, இட்லித் துணி போட்டு மூடிய மாதிரி இருந்தது. ஒரு கையை உருவித் துடைத்தால் போதும். இவ்வளவு தூரம் வந்ததே அதற்குத்தான். அவர் கையை உருவவில்லை.

"உங்கப்பா அன்னிக்கு என்ன சொன்னாரு?" என்றார்.

மைதிலி அவர் பக்கம் திரும்பினார். பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வள்ளம், அப்பா, குட்டி, எல்லாம். டெஸ்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ம்" கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கரையேறியதும் தனியாகப் பிடித்துக் கேட்டேன்: "சார், உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்தார். "மைதிலி பாத்தா."

"நீங்க?"

"அதான் அவ பாத்திருக்காளே பாஸ். ரெண்டு தடவை."

வேலை மாறி நான் இப்போது கலிபோர்னியாவில், டப்ளினில் இருக்கிறேன். இந்தத் தெருவில் நல்ல மனிதர்கள்; நான் என்ன சொன்னாலும் உடனே நம்பிவிடுகிறார்கள். பேசிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் என்னவோ யாருமே காது கொடுத்துக் கேட்காத மாதிரி இருக்கிறது.